பிலோமினா கேட்ட கயிறு

பிலோமினா அக்கா எனக்குப் பெரியம்மை மகள். அவள் அம்மையும் என் அம்மையும் மணப்பாட்டில் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ரெண்டு பேரையும் தூத்துக்குடியில் அடுத்தடுத்த தெருவில் கட்டிக் கொடுத்ததால் நாங்கள் ஒரே குடத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தோம். அவளுக்கும் அவள் தம்பி வளனுக்கும் இடையில் ரெண்டு பிள்ளைகள் பிறந்து இறந்துவிட்டன. அதனால் வளனை அவள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். அவன் நடக்கப் படித்ததே அவள் பாவாடையைப் பிடித்துத்தான்.

அவளைக் கட்டினவர் அம்புரோஸ். எங்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன், எனக்கும் மச்சான் முறை. சங்கு குளிக்கிறவர். மூச்சு அடக்கினால் நாம் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை நாலு தரம் சொல்லி முடிக்கலாம், அதற்கு அப்புறம்தான் மேலே வருவார்.

சங்கு குளிக்க இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு உண்டு. மேல் நுனியைத் தோணியில் ஒருத்தன் பிடித்திருப்பான். அந்த ஒருத்தன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும், அது எங்கள் ஆட்கள் வழக்கம். சொந்த அண்ணன் தம்பியை நம்பி இறங்கமாட்டார்கள். மச்சினன் என்றால் தன் அக்காள் தாலியைத் தானே அறுக்க மனசு வராது பாருங்கள். கீழே ஆள் இருக்கிற வரைக்கும் கயிறு பிடிக்கிறவன் கையில் வேறு எதையும் வாங்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டான். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் போதும், ஏன் எதற்கு என்று யோசிக்காமல் தூக்கிவிடணும்.

அம்புரோஸ் மச்சானுக்குக் கயிறு பிடித்தவன் வளன். ஏழு வருசம் ஒரு குறையும் இல்லை. அறுபத்தெட்டில், மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, மச்சான் மேலே வரவில்லை. வளனே குதித்து இறங்கித் தூக்கி வந்தான். கரையில் போட்டபோது மச்சான் காதிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம்.

"இழுப்பு வரவே இல்லக்கா. கீழ பாருல, பாறை இடுக்குல, கயிறு மாட்டிக் கிடந்துச்சு. நான் என் கையால எடுத்துவிட்டேன்" என்று வளன் மணலில் விழுந்து அழுதான்.

ஆனால் அதே தோணியில் இருந்த ஒருத்தன், சாராயக் கடையில் வைத்து, "வளன் பீடி வாங்கக் கை நீட்டினான், அந்த நேரம் பாத்து இழுப்பு வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டான். அது தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து அக்காள் காதுக்கு வந்தது.

நாற்பதாம் நாள் காரியம் கழிந்த அன்று வளன் வாசலில் வந்து நின்றான். அக்காள் உள்ளேயிருந்து, "ஒரு பீடிக்கு என்னைய வித்துட்டியேலே" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். ரெண்டு தெரு தள்ளி இருந்தவனோடு ஆறு வருசம் பேச்சில்லை. கோயிலில் அவன் வலப்பக்கத்துக் கடைசித் தூணருகில் நிற்பான், இவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இடப்பக்கத்து வாசலால் வெளியே போய்விடுவாள். வளனை அதற்குப் பிறகு யாரும் கயிறு பிடிக்கக் கூப்பிடவில்லை. உப்பளத்தில் உப்பு வாருகிற பலகை தள்ளினான்.

அக்காளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. பெற்ற மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்த ஒன்பதாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்கியதில் அவளுக்கு அடி இறங்கிவிட்டது. கர்ப்பப்பை கீழே வருகிற காரியம். யாரிடமும் சொல்லவில்லை, புருசனிடம்கூட. துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருசம் நடந்தாள், மீன் கூடை சுமந்தாள், பூசைக்கு முழந்தாளிட்டாள். எழுபத்துநாலில் ஒரு நாள் மூத்திரம் அடைத்துக்கொண்டு சுருண்டு விழுந்தபோதுதான் எனக்கே தெரியும். இங்குள்ள டாக்டர் ஒரு கடுதாசி எழுதி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்கு அப்போது கைப்பிள்ளை, மாமியாருக்கும் படுக்கை. அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். ஒரு பை, ஒரு தம்ளர், கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு.

அங்கே நடந்ததையெல்லாம் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தைப் பேச்சித்தாய் சொன்னாள். பேச்சித்தாய் அந்த வார்டு ஆயா, ஆற்றுப் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரி.

சேர்த்துக்கொள்ளும் இடத்தில் கிளார்க்கு கேட்டாராம்.

"ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட ஆம்பளை யாரும்மா?"

"யாருமில்ல."

"வீட்டுக்காரர்?"

"கல்லறைத் தோட்டத்துல."

"மகன்? கூடப்பிறந்தவங்க?"

அக்காள் தம்ளரை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

"கர்ப்பப்பையை எடுக்கிற காரியம்மா. ஆள் வராம கத்தி வைக்கமாட்டாங்க. யோசிச்சு யாருக்காவது எழுதிப்போடு. அது வரைக்கும் படுத்துக்க."

யாருக்கு எழுத? உலகத்தில் அவளுக்குக் கையெழுத்துப் போட இருந்த ஆம்பளை ஒரே ஒருத்தன். செத்தாலும் அவன் காலில் போய் நிற்பதில்லை என்று வைராக்கியம். ஆகவே காத்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

மூன்றாம் நாள் காலையில் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு சார் வந்தார். பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் ஒன்பது பேர். சார் அவளைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைப் பார்த்து இங்கிலீசில் பேசிக்கொண்டே போர்வையை விலக்கிச் சேலையைத் தூக்கினார். "காலை மடக்கு" என்ற ஒரு சொல்தான் தமிழில் வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு ஒருத்தன் மாற்றி ஒருத்தனாக வந்தார்கள். மூன்று பேர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாலாவது ஆள் கை பட்டபோது நிறுத்தச் சொல்லணும் என்று நினைத்தாளாம். என்ன வார்த்தை சொல்வது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் வாய் திறந்தால் எப்படியோ அப்படி இருந்துச்சு என்றாள். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கைத் தோல் வழன்றுவிட்டது. ஒன்பது பேரும் முடித்துவிட்டுப் போனார்கள். போர்வையை யாரும் இழுத்து மூடவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிவிட்டாள். பேச்சித்தாய் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏளா தூத்துக்குடிக்காரி! எங்கன போறே?"

"வீட்டுக்கு."

"சர்க்கார் சேலையோடயா? அதை அவுத்துக் குடுத்துட்டுப் போ, இல்லாட்டி என் வேலை போயிரும்."

அக்காளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பேச்சித்தாய் அவளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து, மடியிலிருந்து வெற்றிலை எடுத்துக் கொடுத்தாள்.

"போனா செத்துருவே. மூத்திரம் மறுபடி அடைக்கும், பிளாடர் வெடிக்கும். நான் பாத்திருக்கேன்."

"சாவுதேன். ஒம்பது பேரு, யக்கா. ஒரு வார்த்தை கேக்கல."

"எங்கிட்ட சொல்லி என்ன? பெரிய டாக்டரம்மா வந்திருக்கா, அவகிட்டச் சொல்லு. கடிப்பா, ஆனா நாயமானவ."

பெரிய டாக்டரம்மா பேர் சங்கரம்மாள். அந்த வார்டுக்கெல்லாம் அவள்தான் தலை. ஐம்பது வயசு, நரைத்த கொண்டை, கல்யாணம் செய்யவில்லை. அக்காள் சொன்னதை நின்றபடியே கேட்டாளாம்.

"ஒன்பது பேரா?"

"ஆமாம்மா. ஒம்பது பேரு கையும் எனக்குத் தெரியும். ஒருத்தர் பேருகூடத் தெரியாது."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "தப்பு எங்க பேர்லதான். இனி உனக்கு இஷ்டமில்லாம ஒருத்தரும் தொடமாட்டாங்க. பிள்ளைக பாக்க வேண்டாம்னு நீ சொன்னாலும் உனக்கு ஆபரேசன் உண்டு. கையெழுத்துக்கு ஆளை மட்டும் வரச் சொல்லு."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்காள் பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக எங்கனயாவது படிக்கத்தானம்மா செய்யணும். என்னைய மாதிரி துணியைச் சொருகிக்கிட்டு எங்க தெருவிலயே நாலு பேரு இருக்கா. வெளிய சொல்லமாட்டாளுக. படிக்கட்டும். ஆனா எனக்கு ஒரு கயிறு வேணும்" என்றாள்.

"என்ன கயிறு?"

"கடல்ல இறங்குதவனுக்கு மேல ஒருத்தன் கயிறு பிடிச்சிருக்கான்லாம்மா. கீழ போனவனால பேச முடியாது. ஒரு இழுப்பு இழுத்தா மேல இருக்கவன் தூக்கிறணும், கேள்வி கேக்கக் கூடாது. இந்தக் கட்டில்ல படுத்தா எனக்கும் வாய் வரல. கயிறு இருந்தா இழுத்துக்கிடுவேன்."

மறுநாள் புண்ணுக்குக் கட்டுகிற துணி நாலு முழத்தைக் கயிறாக முறுக்கினார்கள். ஒரு நுனி அக்காள் கையில், மறு நுனி தலைமாட்டில் நின்ற பேச்சித்தாய் மணிக்கட்டில். இழுத்தால் பேச்சித்தாய் "கை எடு" என்று சத்தம் கொடுக்கணும். கொடுத்தால் யாராயிருந்தாலும் எடுத்துவிடணும். பிள்ளைகளில் ஒருத்தன் சிரித்தான். டாக்டரம்மா அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தில் நாலு பேரை மட்டும் உள்ளே விட்டாள்.

பார்க்க வருகிற பிள்ளை முதலில் முக்காலியில் உட்காரணும். தன் பேரைச் சொல்லி அவள் பேரைக் கேட்கணும். பார்க்கலாமா என்று தமிழில் கேட்கணும். போர்வையை வேண்டிய அளவுக்கு மட்டும் விலக்கணும். கையை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கணும். தொடுவதற்கு முன்னால் தொடப்போகிறேன் என்று சொல்லி, முதலில் தொடையில் புறங்கையை வைக்கணும். இதெல்லாம் டாக்டரம்மா சொன்னது. அக்காளும் சும்மா இருக்கவில்லை.

தனராஜ் என்று ஒரு பையன், விளாத்திகுளத்துப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம். வேர்த்து வடிந்தான். கண்ணை மோட்டுவளையில் வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"ஏலே தம்பி, அங்க என்ன பல்லியா? என் மூஞ்சியப் பாரு."

"சரிங்கம்மா. இப்ப தொடப்போறேன்ம்மா. வலிச்சாச் சொல்லுங்க."

"சொல்லமாட்டேன், இழுப்பேன். கொஞ்சம் கீழ... அங்கனதான். இருமட்டா? இருமினா இன்னும் இறங்கும், அதையும் பாத்துக்கோ."

டாக்டரம்மா பிள்ளைகளிடம், "நான் பத்து வருசமா சொல்றதைவிட இந்தம்மா ஒரு காலைல சொல்லிட்டா" என்றாளாம். அன்று கயிற்றை இழுக்கிற வேலையே வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் அவள் கட்டிலுக்கு வந்து போனார்கள். அக்காள் அத்தனை பேர் பேரும் ஊரும் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

சாயங்காலம் நாலு முதல் ஆறு வரைக்கும் ஆள் பார்க்கிற நேரம். மற்றக் கட்டில்களில் தூக்குச்சட்டியும் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். அக்காள் கட்டிலருகே இருந்த முக்காலியைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். இவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள். "ஆறு வருசத்துல எம் பேரைக் கேட்டு என்னையத் தொட்டது அந்தப் பிள்ளைகதான் பிளாரன்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நானும் அதே தெருவில்தானே இருந்தேன்.

கிளார்க்கு ரெண்டு தரம் வந்து கேட்டுவிட்டார். "ஆள் வரலைன்னா டிஸ்சார்ஜ் பண்ணச் சொல்லுவாங்கம்மா. கட்டிலுக்குக் காத்துக்கிட்டு ஆள் இருக்கு." டாக்டரம்மாவும் சட்டத்துக்கு மேல் போக முடியாமல், "யாருமே இல்லையா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றாள் அக்காள்.

அதற்கு அடுத்த நாள்தான் பேபி வந்தாள். பேபி என்பது படிக்கிற பெண், கெட்டிக்காரி, முதல் மார்க்கு. "நானும் பொம்பளைதானேம்மா, எங்கிட்ட என்ன கூச்சம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், வெந்நீரும் தொடவில்லை, சொல்லிவிட்டும் தொடவில்லை. வேகமாக உள்ளே கையை விட்டுவிட்டாள். அக்காளுக்கு உயிர் போகிற வலி. இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தாள். பேச்சித்தாய் கல்லு மாதிரி நிற்கிறாள். மூன்றாம் தரம் இழுத்துவிட்டு வாய்விட்டு அலறினாள். அப்புறம்தான் பேபி கையை எடுத்தாள்.

"ஏளா, பாத்துக்கிட்டு நிக்கியா! மூணு தரம் இழுத்தேனே!"

"எங்க இழுத்தே? என் பிள்ளைக மேல சத்தியம், ஒரு இழுப்பும் வரல. இந்தக் கையில ஒரு ஈ உக்காந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"பொய் சொல்லுதியே. எவளையோ வேடிக்கை பாத்திருக்கே."

"நான் ஏன் பொய் சொல்லுதேன்? இந்தா பாரு!"

பேச்சித்தாய் குனிந்து காட்டினாள். கட்டில் சட்டத்தில் ஒரு இரும்புத் திருகாணி நீட்டிக்கொண்டிருந்தது. முறுக்கின துணி அதில் ரெண்டு சுற்று சுற்றி மாட்டிக் கிடந்தது. அக்காள் கையிலிருந்து அது வரைக்கும் விறைப்பாக இருந்தது. அங்கிருந்து பேச்சித்தாய் கை வரைக்கும் தொளதொளவென்று தொங்கியது.

பேபி அழுதுகொண்டிருந்தாள். அலறல் கேட்டு வந்த டாக்டரம்மா அவள் தோளில் கை வைக்கவில்லை. "கயிறு இருக்குன்னு நம்பி முகத்தைப் பாக்காம விட்டுட்டே. கயிறு மாட்டிக்கும். முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள். அது பேபிக்குச் சொன்னது.

அக்காள் அந்தத் திருகாணியைப் பார்த்தபடியே, "கடலுக்கடியில மூஞ்சி தெரியாதேம்மா" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. அன்று பகல் முழுக்க அவள் சாப்பிடவில்லை. துணியைக் கையில் சுற்றுவாள், அவிழ்ப்பாள். பேச்சித்தாய் சாயங்காலம் முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எம்மேல கோவமா?"

"இல்லக்கா. நீயும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல." பிறகு, "ஒரு கார்டு வாங்கிட்டு வாரியா? எழுதத் தெரிஞ்ச பிள்ளை யாரையும் கூப்பிடு" என்றாள்.

தனராஜ் எழுதினான். வளன், கையெழுத்துப் போட ஆள் வேண்டும், வா, அக்காள். அவ்வளவுதான் வாசகம்.

கார்டு கிடைத்த மறுநாளே, உப்புப் புண்ணாறாத காலோடு வளன் போய் நின்றான். பார்க்கிற நேரம் இன்னும் ஆகவில்லை, வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்காள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். ஆறு வருசத்தில் அவன் முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. கிளார்க்கு காட்டின இடத்தில் பெரிய பெரிய எழுத்தாகப் பேரைப் போட்டான்.

"கயிறு மாட்டியிருக்கும்லே" என்றாள் அக்காள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே."

அவன் பேனாவை மூடிக் கிளார்க்கிடம் கொடுத்தான். "ஆறு வருசம்க்கா" என்றான். அவள் சுவரைப் பிடித்தபடி கட்டிலுக்குத் திரும்பினாள். மணி அடித்து, பார்க்கிற நேரம் வந்தபோது அவன் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டான். உள்ளே போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை ஆபரேசன். நான் கைப்பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோனபோது வளன் பக்கத்திலேயே நடந்தான். தியேட்டர் கதவு சாத்தினதும் அந்தக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டான். ரெண்டு கையும் வயிற்றுக்கு முன்னால், வெறுமனே, பாதி மூடினபடி. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குப் போனவள். பத்தரைக்கு நான் வாசல் கடையில் டீ வாங்கிவந்து நீட்டினேன்.

"குடிடே. முந்தாநாளிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலயாமே உனக்கு, பேச்சித்தாய் சொன்னா."

அவன் தம்ளரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். "அங்கன வைங்கக்கா" என்றான். சன்னல் கட்டையில் வைத்தேன். ஈ மொய்த்தது. பதினொன்றே முக்காலுக்குத்தான் கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா முகத்துணியை இறக்கிவிட்டு, "நல்லா இருக்கா" என்றாள். அவன் சன்னலுக்குப் போய் அந்த ஆறின டீயை ஒரே மூச்சில் குடித்தான். தம்ளரைக் கழுவி என்னிடம் கொடுத்தான். உப்பளத்தில் லீவு இல்லை, வாரேன் என்று சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான். அவள் கண் விழிக்கிற வரைக்கும் இருந்து போயேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். தலையை ஆட்டினான், ஆனால் போய்விட்டான்.

நாலு மணி சுமாருக்கு அவளுக்கு மயக்கம் தெளிந்தது. ஆள் பார்க்கிற நேரம், வார்டு முழுக்க ஜனம். உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தேன். கண்ணைச் சுழற்றித் தேடினாள்.

"போயிட்டானா?"

"ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிட்டான்க்கா."

"நான் உள்ள கிடக்கும்போது வாசல்ல நின்னானாளா?" என்றாள்.

"நின்னபடியே நின்னான்."

"கையில எதையாச்சும் வாங்கினானா?"

"டீ கொடுத்தேன். வாங்கல."

அக்காள் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தரம் தூங்குகிற மாதிரி நடிக்கவில்லை. தோள் குலுங்கி அழுதாள். நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மணி அடித்து எழுப்புகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.